கட்டுவது நான், குத்துவது செலின்

எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன வாரம் போன் வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கேயிருந்து வந்த முதல் போன். ஆயுசில் பாதியை ஆபரேஷன் தியேட்டரில் நின்று கழித்தவளாயிற்றே, நம்மைப் பற்றியும் நாலு வரி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்களே என்று பூரித்துப்போய், "எத்தனை பக்கம்மா?" என்று கேட்டேன். இப்போது நர்சிங் பொறுப்பில் இருக்கும் பெண் சொன்னாள்: "செலின் சிஸ்டரப் பத்தி மேடம். நீங்கதானே அவங்க கூடவே இருந்தீங்க, நீங்க எழுதுனாதான் நல்லாருக்கும்."

கூடவே இருந்தேனாம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்போல.

இப்போதெல்லாம் கையில் ஸ்கேன் வைத்துப் பார்த்து ஊசி போடுகிறார்களாம். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியுமாம். நல்லது. ஆனால் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அந்த மெஷினைத் தொடவிடுவதற்கு முன்னால் 'செலின் சிஸ்டர் முறை' என்று ஒன்றைச் சொல்லித் தருகிறார்களாம். கட்டுவதற்கு முன்னால் தொட்டுப் பார். தொட்டவளே கட்டு. கட்டியவளே குத்து. இவ்வளவுதான் அந்த முறை. அது எப்படி வந்தது என்று நான் எழுத வேண்டும். எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

செலினுக்கும் எனக்கும் ஒரே வயது. கோரிமேட்டில் ஒரே வருஷத்தில் நர்சிங் படித்தோம். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பார், நைட் டூட்டி, பரீட்சை என்று எல்லாருக்கும் நடந்ததுதான் எங்களுக்கும் நடந்தது. அவள் முதல் மார்க், நான் இரண்டாவது மார்க் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் அத்தா குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். அவள் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாதம் பிறந்தால் அவள் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பணம் வரும். மழை பெய்தால் எங்கள் வீட்டுக்கு வரும்.

படிப்பு முடிந்ததும் உப்பளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. இருவரையும் தியேட்டரில் போட்டார்கள். என்னுடைய வயிற்றெரிச்சலுக்கு அன்றைக்குத்தான் அடுப்பு மூட்டினார்கள்.

செலினின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி எழுதச் சொன்னதற்காக இல்லை. அந்தக் கையை என்னைப்போல் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை. ஊசி போடுகிற ரத்தக்குழாயை நாங்கள் பேச்சில் நரம்பு என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் எல்லாரும் நரம்பைக் கண்ணால் தேடுவோம். அவள் கண்ணை வேறெங்கோ வைத்திருப்பாள். நோயாளியின் கையைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ஆட்காட்டி விரலின் நுனியை மட்டும் தோல்மேல் வைப்பாள், எடுப்பாள், கொஞ்சம் தள்ளி வைப்பாள். அழுத்தவே மாட்டாள். ஸ்பிரிட் தடவியதும் அது தானாகக் காயும்வரை நிற்பாள். நானாக இருந்தால் ஊதிவிடுவேன். பிறகு கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்து, ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து உள்ளே விடுவாள். ஊசியின் பின்பக்கம் ரத்தம் தெரிந்ததும் ஒரு மயிரிழை முன்னே தள்ளி, மேலே இருக்கிற பிளாஸ்டிக் குழாயை மட்டும் உள்ளே நழுவவிட்டு, ஊசியை உருவிவிடுவாள். "எப்பம்மா போடுவீங்க?" என்று நோயாளி கேட்கும்போது அவள் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருப்பாள்.

நானும் அதே விரலை வைத்தேன், அதே கோணத்தில் பிடித்தேன். எனக்குத் தவறும். அவளுக்கும் எப்போதாவது தவறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் போட்டது தவறினால் சிஸ்டர் சரியில்லை. அவள் போட்டது தவறினால் நரம்பு சரியில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். வார்டிலிருந்து நோயாளியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, "அந்த செலின் சிஸ்டரே போடட்டும்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் நான் முகமூடி போட்டுக்கொண்டு நின்றிருப்பேன். அந்த முகமூடி எனக்குப் பல தடவை உதவியிருக்கிறது.

மயக்க டாக்டர் பாலசுந்தரம்தான் எங்களுக்கு எல்லாம். சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா சிஸ்டர்" என்று சொன்னார் என்றால் அன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று அர்த்தம். மருந்து ஏற்றும்போது மட்டும் அவருக்கு ஒரு பழக்கம். நோயாளியிடம், "உங்க ஊர்ல இந்த வருஷம் என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்பார். நெல்லு, கரும்பு, சவுக்கு என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போவார்கள். விளைச்சல் எப்படி என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தூங்கியபிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

அவர் செலினை 'செலினம்மா' என்று கூப்பிடுவார். என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். என் பெயர் மெகருன்னிசா. நீளமான பெயர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுருக்கிக் கூப்பிட எத்தனையோ வழி இருக்கிறது. செலின்கூட மெகரு என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு நான் கடைசிவரைக்கும் சிஸ்டர்.

ஆபரேஷன்கள் அதிகமானபோது டாக்டர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு நோயாளி உள்ளே இருக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து கையைத் தயார் பண்ணிவிட வேண்டும். நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மேல் கையில் ரப்பர் கட்டைக் கட்டி வைப்பேன். நரம்பு புடைத்து நிற்கும். செலின் உள்ளேயிருந்து வந்து குத்திவிட்டு, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, திரும்ப உள்ளே போய்விடுவாள். நேரம் மிச்சம். வேறெந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி இல்லை என்று டாக்டருக்கு அதில் ஒரு பெருமை. ஆக, கட்டுவது நான், குத்துவது செலின். மாவு ஆட்டுகிறவள் ஒருத்தி, தோசை ஊற்றுகிறவள் ஒருத்தி. நல்ல தோசை என்று யாரைச் சொல்வார்கள்?

அந்தக் கோபத்தை நான் கட்டின் இறுக்கத்தில் காட்டினேன். "மெகரக்கா கட்டுனா பாம்பு கடிச்சவன் கையக் கட்டுன மாரி இருக்கும்" என்று பவுனு சொல்வாள். பவுனு தியேட்டரில் கூடமாட உதவிக்கு இருந்தவள், வைத்திக்குப்பத்துக்காரி. யாருக்கும் பயப்படாத வாய். என் பொறாமை அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். ஒரு தடவை செலின் போட்ட இடம் வீங்கியிருக்கிறது என்று டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வந்து தடவிப் பார்த்தார், பழைய கொசுக்கடித் தழும்பு. "கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா சிஸ்டர்" என்றார். "வீக்கம் இங்க இல்ல டாக்டரே, வேற எடத்துல" என்று பவுனு சொன்னதும் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். செலின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் தனலட்சுமி வந்தாள்.

பாகூர்ப் பக்கத்துக் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம். மற்ற நாளில் டவுனில் துணி தைக்கிற கம்பெனியில் மிஷின் வேலை. பித்தப்பையில் கல். வேறு எங்கோ காய்ச்சலோடு பல நாள் படுத்திருந்து, குளுக்கோஸ் ஏற்றி ஏற்றி வலது கை முழுக்கக் கன்றிப்போய்க் கிடந்தது. இடது கையைத் திருப்பிப் பார்த்தோம். முழங்கை மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக, ஒன்று தடிமனாக, நேராக ஓடியது. இப்படி ஒரு நரம்பைப் பார்த்தால் நர்சுகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். "வாய்க்கா மாரி ஓடுது பாருக்கா" என்றாள் பவுனு.

நான் பஞ்சால் துடைத்தேன். துடைக்கும்போது பஞ்சுக்கு அடியில் என் விரலில் ஒரு துடிப்பு பட்டது.

முழங்கை மடிப்பில் துடிப்பு இருக்கும். பிரஷர் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கைக்கு ரத்தத்தைக் கொண்டுபோகிற பெரிய குழாய் அங்கே ஆழத்தில் ஓடுகிறது. அதனால் முதலில் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் இது ஆழத்தில் இல்லை, தோலுக்கு அடியிலேயே இருந்தது. பஞ்சைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். முன்னங்கையிலும் துடித்தது. அங்கே துடிக்கக் கூடாது. 'என்ன இது' என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஆபரேஷன் முடியப்போகிறது, கட்டுங்க என்று குரல் வந்தது. பழகின கை கட்டிவிட்டது, வழக்கம்போல இறுக்கி. கட்டியபிறகு தொட்டுப் பார்த்தேன். துடிப்பு இல்லை. மெத்தென்று, புடைத்து, அசல் நரம்பாகக் கிடந்தது. நமக்குத்தான் பிரமை என்று நினைத்துக்கொண்டேன்.

செலின் வந்தாள். விரல் நுனியை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். கட்டிய கையைத்தானே அவள் எப்போதும் தொடுவாள், அவளுக்கு என்ன தெரியும்? குத்தினாள். ரத்தம் தெரிந்தது. மூடியைப் போட்டு, பிளாஸ்டர் ஒட்டினாள். "எரியுதும்மா" என்றாள் தனலட்சுமி. "முடிஞ்சிடுச்சு, அவ்ளோதான்" என்று செலின் அவள் தோளைத் தட்டினாள். நான் கட்டை அவிழ்த்தேன். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனோம்.

உள்ளே விளக்குக்கு அடியில் கையைப் பலகையில் நீட்டி வைத்தபோது பார்த்தேன். ஒட்டியிருந்த பிளாஸ்டரின் மேல் ஓரம் தூக்கித் தூக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நாடி மாதிரி.

டாக்டர் மஞ்சள் பொடியில் தண்ணீர் கலந்து சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். தயோபென்டோன். இன்றைக்கு யாரும் அதிகமாகப் பயன்படுத்துவதில்லை, அப்போது எங்களுக்கு அதுதான். நரம்பில் போனால் நோயாளி பேச்சை முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். ரத்தம் கொண்டுபோகிற குழாயில், ஆர்ட்டரியில் போனால், விரல்களுக்குப் போகிற சின்னக் குழாய்கள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். விரல் வெளுக்கும், பிறகு கறுக்கும். பிறகு வெட்ட வேண்டியதுதான். புத்தகத்தில் படித்திருக்கிறேன். மிஷினில் துணியை நகர்த்துகிற இடது கை அது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொசுக்கடி விஷயம் நடந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. மறுபடியும் செலின் போட்டதில் குறை கண்டுபிடிக்கிறாள் என்பார்கள். இந்தத் தடவை என் பேச்சு தப்பாகப் போனால் அந்தத் தியேட்டரில் இனி நான் வாயைத் திறக்க முடியாது. இதையெல்லாம் நினைக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"டாக்டர், அந்த எடம் துடிக்குது" என்றேன்.

"துடிக்கத்தான் செய்யும் சிஸ்டர். அடியில ஆர்ட்டரி போகுது" என்றார், திரும்பாமலேயே.

"இல்ல டாக்டர். மேலயே துடிக்குது. ஊசி இருக்கிற எடத்துல."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பவுனு பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றியது எனக்குத் தெரிந்தது. டாக்டர் சிரிஞ்சோடு வந்து நோயாளியின் தலைமாட்டில் நின்றார். "கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா சிஸ்டர்" என்றார். நான் போகவில்லை. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, மருந்து ஏற்றுகிற மூடியைத் திறந்து, சிரிஞ்சின் முனையை வைத்தார். "உங்க ஊர்ல இந்த வருஷம் என்ன போட்டிருக்காங்க?"

"மல்லாட்ட போட்டிருக்கோம் சார்" என்றாள் தனலட்சுமி.

அப்போது செலின் தன் உள்ளங்கையை அந்தச் சிரிஞ்சுக்கும் அவர் கட்டைவிரலுக்கும் நடுவில் கொடுத்தாள்.

"வேணாம் டாக்டர். மெகரு சொல்றா."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு சிரிஞ்சை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பின்பக்க மூடியைத் திருகித் திறந்தார். ரத்தம் எம்பிக்கொண்டு வந்தது. நின்று, எம்பி, நின்று, எம்பி, பச்சைத் துணியில் போய் விழுந்தது. நரம்பு ரத்தம் அப்படி வராது, வழிந்துகொண்டு வரும். தனலட்சுமி அரை மயக்கத்தில் வேர்க்கடலைக்கு மழை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே தூக்க ஊசி போட்டிருந்தோம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"நல்லவேள செலினம்மா" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், பஞ்சு" என்றார்.

குழாயை உருவிய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. ஆர்ட்டரி என்பதால் ரொம்ப நேரம் பிடிக்க வேண்டும். காலில் ஒரு நரம்பைத் தேடிப்பிடித்து செலின்தான் மறுபடியும் ஊசி போட்டாள், ஒரே குத்தில். ஆபரேஷன் நடந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல்கள் சூடாக இருந்தன. அழுத்திய கையை எடுத்ததும் டாக்டர் வந்து, முழங்கைக்கு மேலிருந்து சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டுவரை தன் விரலால் தடவிக்கொண்டே போய் எல்லாருக்கும் காட்டினார். பெரும்பாலானவர்களுக்குக் கையின் பெரிய குழாய் முழங்கை மடிப்பில்தான் இரண்டாகப் பிரியும். சுண்டுவிரல் பக்கம் போகிறது அங்கேயே தசைகளுக்கு அடியில் முங்கிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அது மேல் கையிலேயே பிரிந்து, முங்காமல், தசைக்கு மேலாகவே, தோலுக்கு அடியிலேயே மணிக்கட்டுவரை வந்துவிடும். அதனால் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. யாராவது நரம்பு என்று நினைத்துக் குத்தினால்தான் கெடுதல். கட்டு இறுக்கமாக இருந்தால் துடிப்பு நின்றுபோகும், கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது பவுனு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாளே அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார். தொட்டுப் பார்க்கிறவள்தான் கட்ட வேண்டும், கட்டியவள்தான் குத்த வேண்டும். "செலினம்மா தடுக்கலன்னா என்ன ஆகியிருக்கும்" என்று போகிற வருகிற சர்ஜன்களிடமெல்லாம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவள் தடுத்தாள். கை கொடுத்தது அவள்தான். நான் வாயைத்தானே கொடுத்தேன். வாய் கொடுத்ததற்கு யார் பேர் வைப்பார்கள்? செலின் முறை என்று பேர் விழுந்துவிட்டது. அவளே ரெண்டு மூன்று தடவை, "மெகருதான் டாக்டர் பார்த்தா" என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவள் அடக்கமாகப் பேசுகிறாள் என்று அதற்கும் அவளுக்கே ஒரு மார்க் போட்டார்கள்.

அந்த வாரம் டீ குடிக்கும்போது அவளிடம் கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், அடக்க முடியவில்லை. எல்லாரும் நம்பாதபோது நீ மட்டும் ஏன் நம்பினாய் என்று கேட்டேன்.

செலின் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டே, "நானும் நம்பல" என்றாள்.

"அப்புறம்?"

"நீ எப்பவும் என்னையேதான் பாத்துட்டிருப்ப மெகரு. ஊசி போடச்சொல்ல என் கைய, போட்டப்புறம் என் மூஞ்சிய. எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ என்னப் பாக்கவே இல்ல. அந்த பிளாஸ்டரையே பாத்துட்டிருந்த. இத்தினி வருஷத்துல மொத தடவ." பன்னைக் கடித்துக்கொண்டாள். "அதான் பயந்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டீ அறையில் முகமூடி போட்டுக்கொள்ள முடியாது. இத்தனை வருஷமாக ரகசியமாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் அதைக் காற்று, வெயில் மாதிரி ஏற்றுக்கொண்டு பக்கத்திலேயே நின்று வேலை பார்த்திருக்கிறாள். ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்தது. அடுத்த நிமிஷமே, இப்படி ஒரு மனசு நமக்கு இல்லையே என்று அதற்கும் பொறாமையாக வந்தது.

பிறகு சில வருஷம் கழித்து அவள் வீட்டுக்காரருக்குப் பிரான்சில் குடியிருக்க வழி கிடைத்தது. மகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பிரிவு உபசாரத்தில் டாக்டர் கண் கலங்கினார். நான் ஓய்வுபெற்றபோது அவர் வெளியூர் போயிருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.

செலின் போனபிறகு, நரம்பு கிடைக்கவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு ஆள் இல்லையே. தொட்டு, கட்டி, குத்தினேன். எனக்கும் தவறுவது குறைந்துபோயிற்று. ஆனால் கூப்பிடும்போது, "செலின் சிஸ்டர் இருந்தா உடனே போட்ருவாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் கூப்பிட்டார்கள்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு காலை நேரம், கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஓர் அம்மாவைக் கொண்டுவந்து பக்கத்து அறையில் படுக்கவைத்திருந்தார்கள். நரைத்த தலை, உழைத்த கை. போர்வையை விலக்கி இடது கையை எடுத்துத் திருப்பினேன். முழங்கை மடிப்புக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. தெய்வத்தின் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ இருக்கும் என்று குனிந்து பார்த்தேன்.

செலின் என்று இருந்தது.

விரலை அதன் பக்கத்தில் வைத்தேன். தோலுக்கு அடியிலேயே துடித்தது.

"யாரும்மா இது?" என்று கேட்டேன்.

"அது ஒரு நர்சும்மா. இங்கதான், முன்ன ஒருவாட்டி ஆப்ரேசனுக்கு வந்தப்ப. எனக்கு அந்த எடத்துல நரம்பு மாறி ஓடுதாம். இன்னொருத்தி இருந்தா, மூஞ்சியக் கடுகடுன்னு வச்சிக்கினு. கையச் சாவக் கட்டுனா கட்டு, இன்னும் நெனப்பிருக்கு. அவதான் இன்னாவோ தப்பாப் பண்ணிட்டா. இந்தம்மாதான் குறுக்க கையக் குடுத்துக் காப்பாத்துனாங்களாம். மொகமெல்லாம் பாக்கல, எல்லாரும் துணி கட்டிக்கினு இருந்தாங்க. செலின், செலின்னு டாக்டரு கூப்புட்டதுதான் காதுல இருந்துச்சு." அவள் கையைத் திருப்பித் தானே பார்த்துக்கொண்டாள். "இங்க ஊசி போடவுடாதன்னு டாக்டரு சொல்லி அனுப்புனாரு. எனக்கு நாபகம் இருக்கணுமே. ஊருக்குப் பச்ச குத்தறவ வந்தா, அவங்க பேரக் குத்திடுன்னேன். இதப் பாத்தா எந்த நர்சும் யாருன்னு கேப்பாங்க, நானும் சொல்லிடுவேன். இந்தக் கையாலதான் மிஷின் ஓட்டி ரெண்டு பொண்ணக் கட்டிக்குடுத்தேன்."

அவளுடைய வலது கையை எடுத்தேன். தொட்டுப் பார்த்தேன், மேலிருந்து கீழே மணிக்கட்டுவரை. கட்டினேன், ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. ஸ்பிரிட் காயும்வரை நின்றேன். படுக்கவைத்துக் குத்தினேன். ஒரே குத்தில் போயிற்று.

"போட்டாச்சா?" என்றாள். "தெரியவேல்லியே. எம்மா, உங்க பேரு இன்னா?"

முகமூடியை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"செலின்" என்றேன்.

அவள் படுத்தபடியே என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து, கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டாள். கையுறையெல்லாம் நனைந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.